ஜப்பானியக் குடும்பக் கதையில் வராத ஆளைப் படிப்பது எப்படி

2010ஆம் ஆண்டு ஒரு ஜப்பானியச் சிறுகதையைத் தமிழாக்க எடுத்து, முதல் பக்கத்திலேயே கெடுத்துவைத்தேன். அந்தி நேரம். கிழவி ஒருத்தி அடுக்களையில் நின்றபடி வாசல் பக்கம் திரும்பி 'ஒசோய் வா நே' என்கிறாள். மூலத்தில் இருப்பது இவ்வளவுதான்: தாமதம் என்று பொருள்படும் ஒரு சொல், அதன் வாலில் பெண்கள் பேச்சுக்குரிய இரண்டு அசைகள். யார் தாமதம், ஒருவரா பலரா, ஆணா பெண்ணா, பெரியவரா பொடியனா, எதற்கும் அதில் பதில் இல்லை. நான் 'அவர் இன்னும் வரவில்லையே' என்று எழுதினேன். மூலத்தைப் படிப்பவர் பன்னிரண்டு பக்கம் தடவித் தடவிக் கண்டுபிடிக்க வேண்டியதை என் 'அவர்' மூன்றே எழுத்தில் போட்டு உடைத்துவிட்டது.

தொழில் புத்தி அது. இயந்திரக் கையேடுகளை ஜப்பானிய மொழியிலிருந்து மாற்றிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. மூடியை யார் திறக்க வேண்டும், மின்சாரத்தை யார் துண்டிக்க வேண்டும் என்று எழுதாமல் விட்டால் யாருடைய விரலாவது போய்விடும். எனவே எழுவாய் இல்லாத இடத்திலெல்லாம் ஓர் எழுவாயைப் பிடித்து உட்காரவைப்பது எனக்குக் கைப்பழக்கம். கதைக்கு அது ஆகாது.

அந்தச் சறுக்கலுக்குப் பிறகு நான் எப்படிப் படிக்கத் தொடங்கினேன் என்பதைச் சொல்கிறேன். மூலத்தில் படிப்பவர்களைவிட மொழிபெயர்ப்பில் படிப்பவர்களுக்குத்தான் இது கூடுதலாகத் தேவைப்படும். ஜப்பானியக் குடும்பக் கதைகளில் ஒரு வகை உண்டு. ஒருவர் இறந்திருப்பார், அல்லது வீட்டைவிட்டுப் போயிருப்பார், அல்லது போரிலிருந்து திரும்பியிருக்க மாட்டார். கதை முழுக்க ஒரு வரிகூடப் பேசமாட்டார். ஆனால் எந்த அறைக் கதவு திறக்கும், யார் எங்கே உட்காருவார்கள், இரவு என்ன சமையல் என்பதெல்லாம் அவர் சொற்படிதான் நடக்கும்.

முதல் முறை பென்சில் இல்லாமல் படியுங்கள். கதை போகிற போக்கில் போகட்டும். இரண்டாம் முறை பென்சிலை எடுக்கும்போது எல்லோருக்கும் வருகிற ஆசை, அந்த ஆளைப் பற்றிச் சொல்லப்படும் வரிகளைத் திரட்டுவது. நானும் ஆண்டுக்கணக்கில் அதைத்தான் செய்தேன். கடைசியில் கையில் மிஞ்சுவது ஓர் இரங்கல் குறிப்பு: நல்ல பையன், படிப்பில் கெட்டிக்காரன், சின்ன வயதில் போய்விட்டான். இதை வைத்துக்கொண்டு கதைக்குள் ஓரடி நகர முடியாது. அந்த வரிகளை விட்டுவிட்டு, உயிரோடிருப்பவர்களின் கைகள் வரும் இடங்களில் கோடு போடுங்கள். யாருக்குப் பரிமாறுகிறார்கள், எதை இடம் மாற்றாமல் துடைக்கிறார்கள், எந்தப் பொருளைத் தொடப்போய்ப் பின்வாங்குகிறார்கள். வாய் ஒளிப்பதைக் கை காட்டிக்கொடுக்கும்.

கைகளைப் பார்க்கத் தெரிய வேண்டுமானால் வீட்டின் அமைப்பு கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 1996 முதல் மூன்று ஆண்டுகள் அய்ச்சி மாகாணத்துத் தொயோஹாஷி நகரில், டிராம் தண்டவாளத்துக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு மூதாட்டியின் வீட்டு மாடியில் குடியிருந்தேன். புத்தகங்களில் கிடைக்காததை அந்த வீட்டில்தான் கற்றுக்கொண்டேன்.

கீழே பாய் விரித்த அறையில் புட்சுதான் இருந்தது. கதவு வைத்த மர மாடம். இறந்தவர்களுக்கான வீட்டுப் பூசையிடம். உள்ளே இஹாய் என்னும் சிறு பலகை. அதில் இறந்தவருக்குப் பௌத்தத் துறவி சூட்டிய புதுப் பெயர் எழுதியிருக்கும். அந்தப் பெயரைப் பேச்சில் யாரும் சொல்லமாட்டார்கள். காலையில் சோறு வெந்ததும் முதல் கரண்டி ஒரு சின்னக் கிண்ணத்தில் அங்கே போகும். ரின் என்ற சிறு மணிக் கிண்ணத்தைக் குச்சியால் ஒருமுறை தட்டுவார். அந்த ஒலி அடங்கிய பிறகுதான் எனக்குச் சாப்பாடு. ஊரிலிருந்து நான் கொண்டுபோன முந்திரிப் பொட்டலமும் முதலில் அங்கேதான் போனது, மறுநாள்தான் பிரித்தோம். காக்கைக்கு வைத்துவிட்டுச் சாப்பிடும் வீட்டில் வளர்ந்தவனுக்கு இது புரியாமல் போகாது. ஆனால் நம் காக்கை வந்து தின்றுவிட்டுப் பறந்துவிடும். அங்கே சோறு ஆறிக் கிடக்கும்.

ஒருநாள் முள்ளங்கி நறுக்கிக்கொண்டே, 'கனமாக இருந்தால் பிடிக்காது' என்றார். எனக்காகத்தான் மெலிதாக நறுக்குகிறார் என்று நினைத்து, எனக்குக் கனமாக இருந்தாலும் பிடிக்கும் என்று மறுநாள் உபசாரமாகச் சொல்லிவைத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்று இரவு என் தட்டில் கனமான துண்டுகள் இருந்தன. மாடத்துக் கிண்ணத்தில் மெலிதான துண்டுகள் இருந்தன. கணவர் இறந்து அப்போது ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

கதை படிக்கும்போது இந்த வீட்டுச் சடங்குகளை அலங்காரமாக நினைத்துத் தாண்டிவிடாதீர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு காலக்கணக்கு இருக்கிறது. 'மூன்றாம் நினைவு நாள்' என்று வந்தால் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன என்று பொருள். இறந்த நாளையே முதலாவதாகச் சேர்த்து எண்ணுவார்கள். நாற்பத்தொன்பதாம் நாள்வரை வெள்ளை மரத்தில் இருக்கும் இஹாய், அதன் பிறகு அரக்குப் பூசியதாக மாறும். கதையில் வெள்ளைப் பலகை என்று வந்தால் துக்கம் இன்னும் பச்சையாக இருக்கிறது. ஓபோன் நாட்களில், பெரும்பாலான ஊர்களில் ஆகஸ்ட் நடுவில், இறந்தவர்கள் வீடு திரும்புவதாக நம்பிக்கை. வெள்ளரிக்காயில் குச்சிகளைக் கால்களாகச் செருகிக் குதிரை செய்வார்கள், கத்தரிக்காயில் மாடு. வரும்போது குதிரையில் விரைந்து வரட்டும், போகும்போது மாட்டில் மெல்லப் போகட்டும் என்று. எழுத்தாளர் ஒரு வரியில் வாடிய கத்தரிக்காயைக் காட்டினால் அந்த வீட்டில் விருந்து முடிந்துவிட்டது.

இறந்தவர்களுக்கு மட்டுமே சோறு என்றும் நினைத்துவிட வேண்டாம். காகெசென் என்று ஒரு வழக்கம் உண்டு. போருக்கோ நெடும்பயணத்துக்கோ போனவருக்காக, அவர் பசியில்லாமல் நலமாக இருக்க வேண்டி வீட்டில் தினமும் ஒரு தட்டு வைப்பது. கிண்ணத்து மூடியின் உட்புறம் நீர் முத்து கோத்திருந்தால் ஆள் நலம் என்று பழைய நம்பிக்கை. எனவே கதையில் ஆளில்லாத தட்டைப் பார்த்தால் முதலில் கேட்க வேண்டியது, இது இறந்தவருக்கா, திரும்பப் போகிறவருக்கா என்று. சில கதைகளில் அந்த வீட்டாருக்கே அது தெரியாது. நல்ல கதைகள் அங்கேதான் பிறக்கின்றன.

அடுத்து உறவுப் பெயர்கள். வாசகர்கள் பெரும்பாலும் கோட்டைவிடும் இடம் இதுதான் என்பது என் எண்ணம். ஜப்பானியக் குடும்பத்தில் வீட்டின் கடைக்குட்டி நிற்கும் இடத்திலிருந்துதான் எல்லோருக்கும் பெயர் கிடைக்கிறது. குழந்தை பிறந்ததும் கணவன் மனைவியையே 'ஒகாசான்', அம்மா என்று கூப்பிடத் தொடங்குவான். பேரன் வந்ததும் அந்த அம்மாவே பாட்டி ஆகிவிடுவார், மகன் வாயிலும்கூட. நம்மிடமும் இது உண்டு என்பதால் நாம் சட்டென்று தாண்டிப் போய்விடுகிறோம். நின்று யோசியுங்கள்: அந்தக் கடைக்குட்டி இறந்துபோனால்? கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் அப்பா என்றும் அம்மா என்றும் கூப்பிடுவதை நிறுத்தமாட்டார்கள். யார் கண்ணால் பார்த்து அந்தப் பெயர்கள் வந்தனவோ அந்தக் கண் இப்போது இல்லை. காலை உணவின்போது 'அம்மா, தேநீர்' என்று கணவன் கேட்பான். எழுத்தாளர் வேறு எதுவும் செய்ய வேண்டியதில்லை.

இதற்கு நேர் எதிரானதும் உண்டு. என் வீட்டுக்கார அம்மாள் கணவரைத் 'தாத்தா' என்றே சொல்வார். பேரன் பிறந்தது அவர் இறந்த மறு ஆண்டு. வாழ்நாளில் ஒருமுறைகூட அவர் காதில் விழாத பெயர் அது. ஆகவே கதையில் வராத ஆளை யார் எந்த முறை வைத்துச் சொல்கிறார்கள் என்று ஒரு தனித் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் மாறும் இடம் வந்தால், குடும்பத்தில் யாரோ அவரை இடம் மாற்றி உட்காரவைத்திருக்கிறார்கள்.

வினைச்சொல் பற்றிச் சுருக்கமாக. ஜப்பானிய வினைமுற்றில் ஆண், பெண், ஒருமை, பன்மை எதுவும் தெரியாது. மரியாதை மட்டும் சில வடிவங்களில் தெரியும். வாக்கியத்தில் ஆளே இல்லாமல், வினையின் பணிவை வைத்தே பேச்சு யாரைப் பற்றியது என்று ஊகித்துக்கொள்வார்கள். தமிழில் 'வந்தான்' என்றாலே பாதிக் கதை வெளியே வந்துவிடும். ஆங்கிலத்திலும் எழுவாய் இல்லாமல் வாக்கியம் நிற்காது. எனவே மொழிபெயர்ப்பில் படிப்பவர்கள் ஒரு சின்ன வேலை செய்யலாம்: வராத ஆளைக் குறிக்கும் 'அவர்', 'அவன்', 'அவள்' எல்லாவற்றையும் பென்சிலால் அடித்துவிட்டு அந்தப் பத்தியை மறுபடி படியுங்கள். மூலம் எப்படி இருந்திருக்கும் என்பது ஓரளவு பிடிபடும். என்னுடைய அந்த மூன்றெழுத்தையும் யாராவது அப்படி அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இனி ஒரு கதையை எடுத்துச் செய்து பார்ப்போம். ஜப்பானியச் சிறுகதையாசிரியர் அகுதாகவா 1916இல் எழுதிய 'கைக்குட்டை'. தோக்கியோவில் ஹசெகவா என்ற சட்டக் கல்லூரிப் பேராசிரியர் வராந்தாவில் நாடகக் கலை பற்றிய ஒரு புத்தகத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார். ஒரு பெண் பார்க்க வந்திருப்பதாகப் பெயர் அட்டை வருகிறது. நிஷியாமா அத்சுகோ. அவருக்கு யாரென்று நினைவில்லை. அட்டையைப் புத்தகத்தில் அடையாளமாகச் செருகிவிட்டு எழுகிறார். வந்தவர் அவருடைய மாணவன் ஒருவனின் தாய். மகன் வயிற்று உறை அழற்சியால் மருத்துவமனையில் இருந்தான். பேராசிரியரும் போய்ப் பார்த்திருக்கிறார். அவன் இறந்துவிட்டான் என்று சொல்லத்தான் தாய் வந்திருக்கிறார். ஏழாம் நாள் சடங்கு முடிந்தது நேற்று.

இங்கே நிறுத்திக் கணக்குப் போடுங்கள். ஏழாம் நாள் நேற்று என்றால் ஒரு வாரம்தான் ஆகியிருக்கிறது. ஆனால் தாயின் குரல் சாதாரணமாக இருக்கிறது. கண்ணில் நீர் இல்லை. உதட்டோரத்தில் புன்னகைகூட. பேராசிரியருக்கு வியப்பு. பேச்சின் நடுவே கையிலிருந்த விசிறி கீழே விழ, எடுக்கக் குனிகிறார். மேசைக்கு அடியில், தாயின் மடியில், இரண்டு கைகளும் கைக்குட்டையைக் கிழித்துவிடுவதுபோல் பற்றி நடுங்குகின்றன. முகம் சிரித்துக்கொண்டிருந்தது, உடம்பு முழுவதும் அழுதுகொண்டிருந்தது.

பெரும்பாலான வாசகர்கள் இந்த இடத்திலேயே புத்தகத்தை மூடிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். பென்சிலோடு மறுபடி போனபோதுதான் கதை எனக்கு வேறாகத் தெரிந்தது. அன்று மாலை பேராசிரியர் இந்தச் சம்பவத்தை மனைவியிடம் சொல்கிறார். ஜப்பானியப் பெண்ணின் வீரநெறி இது என்று பூரிக்கிறார். ஒரு பத்திரிகைக் கட்டுரைக்கு உதவும் என்றும் நினைக்கிறார். அந்தப் பத்திகளில் மாணவனைத் தேடுங்கள். இல்லை. பகலில் பெயரும் நோயும் படுக்கையும் இருந்த ஒருவன், மாலைக்குள் தாயின் பெருமைக்கு ஒரு காரணமாகச் சுருங்கிவிட்டான். அவன் இரண்டாம் முறை போனது பேராசிரியர் வீட்டில்.

பிறகு அவர் வராந்தாவுக்குத் திரும்பிப் புத்தகத்தைத் திறக்கிறார். எந்தப் பக்கத்தில்? பகலில் அட்டை செருகிய பக்கத்தில். அங்கே, முகத்தில் சிரிப்பும் கைகளில் கிழியும் கைக்குட்டையுமாக ஒரு நடிகை செய்த வித்தை, இப்போது வெறும் சலித்த பாணி என்று எழுதியிருக்கிறது. பேராசிரியரின் நிம்மதி கெடுகிறது. நிஷியாமா என்ற குடும்பப் பெயர் ஓர் அட்டையாக வீட்டுக்குள் வந்து, அந்தப் பக்கத்தில் அவ்வளவு நேரமும் உட்கார்ந்திருந்திருக்கிறது. மகன் அந்த வீட்டில் விட்டுப்போனது அதைத்தான். அகுதாகவா அட்டையை மேசைமேல் வைக்கச் சொல்லியிருக்கலாம். சட்டைப் பைக்குள் போடச் சொல்லியிருக்கலாம். இதனால்தான் பொருள்கள் போகும் வழியைப் பென்சிலால் தொடரச் சொல்கிறேன்.

இன்னொரு ஜப்பானிய எழுத்தாளர் மிஷிமாவின் 'நடுக்கோடை மரணம்', 1952இல் வெளிவந்தது, வேறு மாதிரிப் பயிற்சி தரும். இசு தீபகற்பத்தின் கடற்கரையில் ஒரு தாய் விடுதியில் பகல் தூக்கம் போடுகிறாள். அந்த நேரத்தில் அவளுடைய மூன்று பிள்ளைகளில் இருவரும் நாத்தனாரும் கடலில் போய்விடுகிறார்கள். கதை அதன் பிறகுதான் தொடங்குகிறது. கணவனுக்கு எப்படித் தெரிவிப்பது, கணவனின் தங்கை போனதற்காகப் புகுந்த வீட்டில் எப்படி மன்னிப்புக் கேட்பது, தன் பிள்ளைகளுக்காகத் தான் எப்போது அழுவது. இந்தக் கதையில் குறிக்க வேண்டியது துக்கம் மறக்கப்படும் இடங்களை. எந்த வரியில் அவள் முதல்முறை ஒரு சட்டையைப் பற்றியோ நாடகத்தைப் பற்றியோ நினைக்கிறாள் என்று பாருங்கள். உடனே அடுத்த வரியில் குற்ற உணர்ச்சி எப்படி வந்து நிற்கிறது என்று பாருங்கள். புதிதாக ஒரு பெண் குழந்தையும் பிறக்கிறது. பின்னொரு கோடையில் அதே கடற்கரைக்குப் போகிறார்கள். அவள் கடலைப் பார்த்து நிற்கும் முகத்தில் யாரையோ எதிர்பார்க்கும் சாயல். எதற்குக் காத்திருக்கிறாய் என்று கணவன் கேட்க நினைக்கிறான். வாய் வரவில்லை. பிழைத்த மகனின் கையை இறுகப் பற்றிக்கொள்கிறான். இங்கும் கைதான், கவனித்தீர்களா.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தப் பழக்கம் பிடித்துக்கொண்டால் எங்கும் பேய் தெரியும். தொயோஹாஷியில் ஒரு குளிர்கால மாலை. வீட்டுக்கார அம்மாள் வாசலைப் பார்த்து 'ஒசோய் நே' என்றார். என் கதையின் கிழவி பல ஆண்டுகள் கழித்துச் சொல்லப்போகும் அதே சொல். எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. மாடத்தைப் பார்த்தேன், நிழற்படத்தைப் பார்த்தேன், தலையைக் குனிந்துகொண்டேன். சற்று நேரத்தில் தெருமுனையில் ஊதல் கேட்டது. டோஃபு விற்பவருடைய வண்டி. அம்மாள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு செருப்பு மாட்டாத குறையாக ஓடினார்.

ஆகையால் ஓர் இன்மைக்கு இரண்டு சாட்சியாவது வேண்டும் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். காலியான தட்டு ஒன்று மட்டும் இருந்தால் அது காலியான தட்டு. அதே ஆளுக்காக முள்ளங்கியும் மெலிதாக நறுக்கப்பட்டிருந்தால் கோடு போடலாம்.

என் தமிழாக்கத்தின் கதையையும் முடித்துவிடுகிறேன். இதழில் வெளிவந்துவிட்டதால் அப்போது திருத்த வழியில்லை. ஆறு ஆண்டுகள் கழித்து, தொகுப்பில் சேர்க்க மறுபடி எடுத்தபோது, அந்த முதல் வரியோடு இரண்டு வாரம் மல்லுக்கட்டினேன். தமிழ் வினை திணை, பால், எண் எல்லாம் காட்டாமல் நகராது என்றுதான் சலித்துக்கொண்டிருந்தேன். ஒரு காலை என் மனைவி பால்காரரை எதிர்பார்த்துப் பால்கனியில் நின்று சொன்னாள். அன்று பால் வர நேரமாகிவிட்டது. நான் உள்ளே ஓடி எழுதிக்கொண்டேன். அச்சில் இப்போது இருப்பது அவளுடைய வாக்கியம்: 'இன்னும் காணோமே.'